சாரல் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?

அன்புள்ள எழுத்தாளருக்கு வணக்கம்.

நான் கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் இருக்கிறேன். உங்கள் 'முகில்மேடு' தொடரை என் மகளுக்கு நான்தான் முதலில் காட்டினேன். மூடுபனியைச் சாடியில் அடைத்து வைக்கிற நாடு, வாயாடி வரையாடு என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படித்தோம். அப்புறம்தான் கவலை வந்தது. இளவரசி சாரலுக்கு 14 வயது. அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள், கோட்டைச் சுவர் ஏறிக் குதிக்கிறாள். ஒரு இடத்திலும் தண்டனை இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. போன வாரம் பூண்டுத் தாள் நறுக்கக் கூப்பிட்டால் என் மகள், "நானும் சாரல் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் அதே வயதுதான். விளையாட்டான மாயக் கதையில் இந்தச் சண்டையெல்லாம் எதற்கு? ராணி எதற்கு இவ்வளவு பயப்படுகிறாள் என்றும் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பூம்பாறையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். அருணகிரிநாதர் ஓர் இரவு கோயிலில் படுத்திருக்கிறார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள். முருகன் வேலை எடுக்கவில்லை. குழந்தையாகி அவர் பக்கத்தில் போய்விடுகிறான். யாரோ ஒரு தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் போய்விடுகிறாள். சிறு வயதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த மாயக் கதை இது. வந்த ஆபத்து நிஜமானது, அது தீர்ந்த விதம்தான் விளையாட்டு. முகில்மேட்டையும் அப்படித்தான் எழுத ஆசைப்படுகிறேன். சண்டையை எடுத்துவிட்டால் சாடியும் பனியும் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, மன்னிப்புக்கு வருகிறேன். நம் மலையின் அடிவாரத்தில் இருக்கிற பழனிக் கதை என்ன? ஒரு பழத்துக்காகப் பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த பையனின் கதை. அப்பாவும் அம்மாவும் தேடி வந்து "பழம் நீ" என்று சமாதானம் சொல்கிறார்கள். அவன் இறங்கிப் போகவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதோடு நின்றானா? சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன் இளைப்பாற இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கப் பார்த்தால் ஒரு மலை அசையவில்லை. மேலே அந்தப் பையன் நிற்கிறான், இறங்க மாட்டேன் என்கிறான். அவனைப் பார்க்கத்தான் தைப்பூசத்துக்கு நாள்கணக்கில் நடந்து வருகிறோம், 693 படி ஏறுகிறோம். கோபித்துக்கொண்டு நின்ற பையனுக்கு என்ன தண்டனை என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. சாரலுக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்? உங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்காதீர்கள். தொடரின் முதல் வரைவில் நானே அவளை ராணியின் காலில் விழ வைத்திருந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது அந்தப் பக்கத்தில் சாரலைக் காணவில்லை. வேறு ஏதோ ஒரு பிள்ளை விழுந்து கிடந்தது. கிழித்துவிட்டேன்.

அவள் எதற்குச் சுவர் ஏறினாள் என்பதையும் பாருங்கள். சாயங்காலம் சாடியைத் திறந்து பள்ளத்தாக்கில் பனியை இறக்குகிற கிழவரிடம் வேலை கற்றுக்கொள்ளப் போகிறாள். குறிஞ்சி இரண்டாம் முறை பூக்கும்வரை அரச வீட்டுப் பெண் கோட்டையை விட்டு இறங்கக் கூடாது என்பது முகில்மேட்டுச் சட்டம். நம் மலைப் பழங்குடிகளான பளியர்கள் குறிஞ்சிப் பூப்பை வைத்து வயதைக் கணக்கிட்டதாகச் சொல்வார்கள், அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு பூப்பு. நம் மலையில் 2018இல் பூத்தபோது உங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள். அடுத்தது 2030இல். அதுவரை எதையும் தொடாதே என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது என்ன செய்யும்? குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மேல் ஏறித் தினைப்புனம் காத்தவர்கள். வள்ளி கையில் கவண் இருந்தது. சாரல் கேட்பதும் அப்படி ஒரு காவல் வேலையைத்தான்.

ராணி விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 19 அத்தியாயமாக அவளை "கூடாது" என்று மட்டும் சொல்ல வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த இரவு எனக்குப் பேகனின் மனைவி நினைவுக்கு வந்தாள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எல்லோருக்கும் தெரியும். அவன் பொதினி என்ற நம் பழனியை ஆண்டவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்த அதே மனிதன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவள் வேறு) பிரிந்து போய்விட்டான். கபிலரும் பரணரும் இன்னும் இரண்டு புலவர்களும் அவளுக்காக அவனிடம் பரிந்து பாடினார்கள். பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்றார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அந்தப் பாட்டுகள்தான். அவள் அழுதாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். பரணர் பாட்டு ஒன்றில் மட்டும்தான் அவள் வாய் திறந்து கொஞ்சம் பேசுகிறாள். முகில்மேட்டு ராணிக்கு நான் அந்தக் கொஞ்சத்தைக்கூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். அவளும் ஒரு காலத்தில் சாரல் வயதில் இருந்தவள்தானே. அந்தச் சுவரில் கால் வைக்கத் தோதான கல் எது என்று ராணிக்குத் தெரிந்திருக்கிறதே, எப்படி? இதை யோசிக்காமல் இத்தனை தூரம் வந்ததற்கு வருந்துகிறேன்.

பூண்டு வேலைக்கு வராததற்குச் சாரலைக் காரணம் காட்டினால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று மகளிடம் சொல்லுங்கள். சாரல் வேலைக்காகச் சுவர் ஏறியவள். ஆனால் கதவைச் சாத்தியது பூண்டுக்காகத்தானா என்று கோபம் ஆறின ஒரு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். கதை அவளுக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவளுடையதாக ஏதாவது இருக்கும்.

20ஆம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுச்சாமத்தில் ராணி சுவருக்கு அருகில் வருகிறாள். விளக்கு இல்லை, கையில் ஒரு போர்வை இருக்கிறது. அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். சுவர் ஏறுகிறவளுக்குக் குளிருமே என்று கொண்டுவந்தாளா, இல்லை தானே போர்த்திக்கொண்டு இறங்கப் போகிறாளா என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். நீங்களும் சொல்லுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.