மாங்கனீசு சேலன் வினையூக்கி பாதியில் நின்றுபோவது பற்றி

மாங்கனீசு சேலன் வினையூக்கியைக் கொண்டு ஸ்டைரீனை எப்பாக்சைடாக (ஓர் ஆக்சிஜனும் இரண்டு கார்பனும் சேர்ந்த முக்கோண வளையமுள்ள சேர்மமாக) மாற்றும்போது பழுப்பு நிறம் வெளுத்து, வினை பாதியில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஈனி (மாங்கனீசைப் பிடித்திருக்கும் கரிம மூலக்கூறு, இங்கே சேலன்) பளிச்சென்ற மஞ்சள் படிகமாக வந்திருப்பதால் அதன் தயாரிப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

முதலில் பிஎச் (அமில-கார அளவு) பாருங்கள். ஆக்சிஜனைத் தரும் ஹைப்போகுளோரைட் கரைசலை அப்படியே ஊற்றினால் காரத்தன்மை மிகுதி. பிஎச்சை நிலையாக வைக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலைச் சேர்த்து 11.3 அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் ஹைப்போகுளோரஸ் அமிலம் சிறிதளவாவது வினையூக்கியும் ஸ்டைரீனும் இருக்கும் டைகுளோரோமீத்தேன் அடுக்குக்குள் போகும். இதே வகை மாங்கனீசு சேலனால் எப்பாக்சைடு செய்யும் ஜேக்கப்சன் முறையிலும் இதே பிஎச்தான்.

ஆனால் முக்கியமான காரணம் ஈனியின் அமைப்பு என்றே நினைக்கிறேன். வெறும் சாலிசிலால்டிஹைடும் எத்திலீன்டைஅமீனும் சேர்ந்த சேலனில் மாங்கனீசைச் சுற்றிப் பாதுகாப்பே இல்லை. இரண்டு மூலக்கூறுகள் நெருங்கி, நடுவே ஆக்சிஜன் பாலம் போட்டுக்கொண்டால் வினையூக்கம் குன்றிவிடும். ஈனியும் மெல்லமெல்ல ஆக்சிஜனேற்றத்தில் சிதையும், நிறம் வெளுப்பது அதனால்தான். 3,5 இடங்களில் டெர்ஷியரி பியூட்டைல் தொகுதிகள் உள்ள சாலிசிலால்டிஹைடை எடுத்துத் திரும்பச் செய்து பாருங்கள். அந்தப் பருமனான தொகுதிகள் மூலக்கூறுகளைத் தள்ளி நிறுத்தும்.

அப்புறம், மாங்கனீசோடு பிணையும் துணைப்பொருளான 4-பீனைல்பிரிடின் என்-ஆக்சைடு கொஞ்சம் சேர்த்தால் வினையூக்கி இன்னும் அதிக நேரம் தாங்கும். ஸ்டைரீனோடு வினையை 0 டிகிரியிலேயே வைத்திருங்கள். புதிய ஈனியின் அகச்சிவப்பு நிறமாலையையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.