பிபி மெஷினில் இதயப் படம் தெரிந்தால்…

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பிபி பார்க்கும்போது எண்களுக்குப் பக்கத்தில் இதயப் படம் ஒன்று தெரிகிறது. "எனக்குப் படபடப்பே இல்லை, மெஷின்தான் ரிப்பேர்" என்கிறார். புதிது வாங்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: மெஷினை மாற்றுவதற்கு முன் அப்பாவின் நாடியைப் பாருங்கள். அளக்கும்போது துடிப்புக்குத் துடிப்பு மின்னும் படம் சாதாரணமானது. அளந்து முடித்த பிறகும் எண்களோடு நிற்கிற குறி வேறு. நாடி சீராக இல்லை என்பதற்கானது அது. எந்தப் படம் எதற்கு என்பது மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும். பேசினாலோ கையை அசைத்தாலோகூட அந்தக் குறி வந்துவிடும். அதனால் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளங்கள்.

திரும்பவும் குறி வந்தால், அவருடைய கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் உங்கள் மூன்று விரல்களை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் கட்டைவிரல் வேண்டாம், அதன் துடிப்பே குழப்பிவிடும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பெரும்பாலும் ஆபத்தில்லை. தாளமே பிடிபடாமல், ஒன்று பலமாகவும் ஒன்று மெலிதாகவும் தாறுமாறாக வந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறாக இருக்கலாம். அந்த வாரமே இசிஜி எடுங்கள். கூடவே மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் 108.

படபடப்பு இல்லையே என்று நிம்மதியடைய முடியாது. இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. இந்தக் கோளாறு சிலருக்கு வந்து வந்து போகும். இசிஜி எடுக்கிற நேரத்தில் தாளம் சரியாக இருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. அப்போது உடம்பில் மாட்டிக்கொண்டே 24 மணி நேரமும் இதயத் தாளத்தைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் தைராய்டு பரிசோதனையும் எப்படியும் தேவைப்படும்.

கேள்வி: அம்மாவுக்கு ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்திருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையைத் தொடவே கூடாதா? அடிக்கடி ரத்தம் எடுக்கத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாறலாமா? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கீரை தாராளமாகச் சாப்பிடலாம்; அளவுதான் ஏறி இறங்கக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும். வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

புது மாத்திரை அம்மாவுக்குப் பொருந்தாது. இப்படிப்பட்ட நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அதில் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட, அசிட்ரோம் போன்ற பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய வகைதான்.

கீரையைவிட மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்தான் எங்களுக்குக் கவலை. அசிட்ரோமோடு சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. பல் பிடுங்குவதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஐஎன்ஆர் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆஸ்பிரின் மட்டும் போதாதா? – வாசகர், ஈரோடு

பதில்: போதாது. இந்த வகைப் பக்கவாதத்தை அது சரியாகத் தடுப்பதில்லை. ரத்தக்கசிவு பயமோ அதிலும் உண்டு. ஆனால் ஸ்டென்ட் வைத்திருந்தால் ஆஸ்பிரினை நீங்களாக விட்டுவிடக் கூடாது.