ராபின்சன் வாய்மூடி ஆடியவரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோலின் கேப்பர்னிக் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அமெரிக்கக் கால்பந்து வீரரான அவர் 2016இல் தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்க மறுத்ததையும், பின்னர் மண்டியிட்டதையும் கறுப்பினத்தவர் ஒடுக்கப்படுவதற்கு எதிரான நேர்மையான எதிர்ப்பு என்று பாராட்டியிருந்தீர்கள். என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவர் ஒடுக்குமுறை பற்றிப் பேசுவது பொருந்துமா? அந்நாட்டின் கால்பந்திலும் கூடைப்பந்திலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின வீரர்கள்தானே? நிறவெறி உள்ள இடத்தில் இது எப்படிச் சாத்தியம்? ஜாக்கி ராபின்சன் 1947இல் அரசியல் எதுவும் பேசாமல், தன் ஆட்டத்தால் மட்டுமே, கறுப்பினத்தவரைச் சேர்க்காத பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்தார். இன்றைய வீரர்களும் அவரைப் போல ஆட்டத்தோடு நின்றுகொண்டால் என்ன? மைதானமாவது அரசியல் நுழையாத இடமாக இருக்கட்டும் என்று விரும்புவது தவறா?

அன்புடன்,
ச., கோவை

அன்புள்ள ச.,

ராபின்சனிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் வாதம் முழுவதும் அவர் மீதுதான் நிற்கிறது. அவர் வாய்மூடி ஆடினார் என்பது அவருடைய தொழில்முறை வாழ்க்கையின் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். 1944இல், ராணுவ அதிகாரியாக டெக்சாஸ் முகாமில் இருந்தபோது, பேருந்தின் பின்வரிசைக்குப் போகும்படி ஓட்டுநர் சொன்னதை மறுத்து, ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்து, குற்றமற்றவர் என்று விடுதலையானவர் அவர். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்த பிராஞ்ச் ரிக்கி, எவ்வளவு அவமதித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று அவரிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டார். 1947 ஏப்ரலில், ஃபிலடெல்ஃபியா அணியின் மேலாளர் பென் சாப்மனும் அவருடைய ஆட்டக்காரர்களும் தங்கள் இருக்கைகளிலிருந்து ஓயாமல் நிறத்தைச் சொல்லி வசைபாடியபோது, ராபின்சன் பதில் பேசாமல் ஆடினார். தன் வாழ்க்கையில் மனமுடைந்துபோகும் நிலைக்கு மிக அருகில் சென்ற நாள் அதுதான் என்று பின்னாளில் எழுதினார். அந்த மௌனம் வேலைக்காக அவரிடம் கேட்கப்பட்ட விலை. அதை அவருடைய கொள்கையாக நாம் எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநீதி.

1949இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு, பாடகரும் முன்னாள் கால்பந்து வீரருமான பால் ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ராபின்சனை அழைத்தது. அவர் ராப்சனின் அரசியலோடு உடன்படவில்லை. ஆனால் நீதிமன்ற அநீதியையும் போலீஸ் கொடுமையையும் கும்பல் கொலைகளையும் கண்டிப்பவர் ஒரு கம்யூனிஸ்ட் என்பதால் அந்தக் குற்றச்சாட்டுகளின் உண்மை மாறிவிடாது என்று அதே சபையில் சொன்னார். 1972இல் வெளிவந்த தன்வரலாற்றில், தன்னால் எழுந்து நின்று தேசிய கீதம் பாட முடியாது, கொடிக்கு வணக்கம் செலுத்த முடியாது என்று எழுதினார். கேப்பர்னிக்குக்கு 44 ஆண்டுகள் முன்பு அதைச் சொன்னவர், நீங்கள் முன்மாதிரியாகக் காட்டும் ராபின்சன்தான்.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று, சின்சினாட்டியில் நடந்த இறுதித்தொடர் ஆட்டத்தின்போது அவரைக் கௌரவித்தார்கள். அணி மேலாளர்களில் ஒரு கறுப்பு முகத்தைக் காணும் நாளில் தான் இன்னும் மகிழ்வேன் என்று அங்கே அவர் கூறினார். ஒன்பது நாட்களில் இறந்துபோனார். பேஸ்பாலின் உச்சநிலைத் தொடரான மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றது 1975இல். ஆடுவதற்கு அனுமதித்த பிறகு, ஆட்டத்தை நடத்துவதற்கு அனுமதிக்க 28 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் இருக்கும் இடத்தில் நிறவெறி எப்படி இருக்க முடியும் என்று கேட்டிருந்தீர்கள். அது இங்கேதான் இருக்கிறது. அவர்களுடைய உடலுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. அவர்களுடைய அறிவையும் தீர்மானத்தையும் நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை.

நிறத்தடை உடைந்த கதையிலும் இது மறைந்திருக்கிறது. 1947க்கு முன்பு கறுப்பினத்தவருக்கென்று தனி லீக்குகள் இருந்தன. முதல் பெரிய லீக்கை 1920இல் கான்சாஸ் சிட்டியில் கூடி உருவாக்கியவர் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பின ஆட்டக்காரர். அங்கே கறுப்பின உரிமையாளர்கள் இருந்தார்கள், மேலாளர்களும் இருந்தார்கள். தடை நீங்கியபோது மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டன. நியூவார்க் ஈகிள்ஸ் அணியைத் தன் கணவருடன் நடத்திய எஃபா மேன்லி, தன் அணி வீரர் டான் நியூகோம்பை ரிக்கி ஒரு காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டதை வெளிப்படையாகவே எதிர்த்தார். அடுத்து லாரி டோபியை கிளீவ்லேண்ட் கேட்டபோது 15,000 டாலர் பெற்றார். அதே தரத்தில் ஒரு வெள்ளை வீரராக இருந்திருந்தால் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். சில ஆண்டுகளில் அந்த லீக்குகள் கரைந்தன. அங்கே அணிகளை நிர்வகித்த மனிதர்களின் அனுபவத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்தும் இடம் இது.

1987இல் ராபின்சன் வருகையின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், டாட்ஜர்ஸின் பொது மேலாளர் அல் கம்பானிஸ், மேலாளராக இருப்பதற்குத் தேவையான சில தகுதிகள் கறுப்பினத்தவரிடம் இல்லாமலிருக்கலாம் என்று சொன்னார். ராபின்சனுடன் டாட்ஜர்ஸின் துணை அணியான மாண்ட்ரியல் அணியில் தோளோடு தோள் நின்று ஆடியவர் அவர். அடுத்த சில நாட்களில் பதவி விலகினார். கால்பந்திலும் இதுவேதான். ஆட்டத்தை வகுத்து நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் நெடுங்காலம் வெள்ளையருக்கே என்றிருந்தது. மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வருக்காக அந்த இடத்தில் நன்றாக ஆடியும், அடுத்த ஆண்டே வேறு அணியில் பந்தைப் பிடிக்கும் வீரராக மாற வேண்டியிருந்தது. வாரன் மூனை 1978இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காததால் அவர் கனடாவுக்குப் போய் ஐந்து முறை கோப்பையை வென்று திரும்பினார்.

இவையெல்லாம் பழங்கதை என்று நீங்கள் நினைக்கக் கூடும். ஆகவே அண்மையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு நினைவாற்றலை இழந்த முன்னாள் கால்பந்து வீரர்களுக்கு இழப்பீடு தர, தேசியக் கால்பந்து லீக் நூறு கோடி டாலர் அளவிலான ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ஒருவருடைய மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சில சோதனைகளின் மதிப்பெண்ணைக் கொண்டு கணித்தார்கள். அந்தக் கணிப்பில், கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொள்ளும் தனி அளவுகோல் பயன்பட்டது. விளைவு என்ன? ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் வெள்ளையர் நோயாளியாகி இழப்பீட்டுக்குத் தகுதி பெறுவார். கறுப்பினத்தவரோ இயல்பான நிலையில் இருப்பவர் என்று திருப்பி அனுப்பப்படுவார். கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021இல்தான் லீக் அந்த அளவுகோலைக் கைவிட ஒப்புக்கொண்டது. ஆட்டத்துக்காகத் தலையைக் கொடுத்தவனிடம், உன் தலை முன்பே மட்டம்தான் என்று சொல்வதைவிடப் பெரிய அவமதிப்பு எனக்குத் தெரியவில்லை.

சம்பளத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு கர்ட் ஃபிளட் பதில் சொல்லியிருக்கிறார். 90,000 டாலர் ஆண்டுச் சம்பளம் வாங்கிய அவரை, 1969இல் செயின்ட் லூயிஸ் அணி அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. தன் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்று பேஸ்பால் ஆணையருக்கு எழுதிவிட்டு வழக்குத் தொடுத்தார். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார். அவருக்காகச் சாட்சி சொல்ல அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவரும் வரவில்லை. ஓய்வுபெற்ற ராபின்சன் வந்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஃபிளட் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971இல் முடிந்துவிட்டது. ஆனால் இன்றைய வீரர்கள் விரும்பிய அணிக்குப் போய்க் கோடிகளில் சம்பாதிக்கும் உரிமைப் போராட்டத்தில் முதல் பெரிய அடியை எடுத்து வைத்தவர் அவரே.

மைதானத்தில் அரசியல் நுழையக் கூடாது என்பது நல்ல விருப்பம்தான். ஆனால் வீரர் மண்டியிடுவதற்கு முன்பே அது உள்ளே இருந்தது. ராணுவத்தைப் போற்றும் சடங்குகளை ஆட்டங்களில் நடத்துவதற்காகப் பாதுகாப்புத் துறை 68 லட்சம் டாலர் மக்கள் வரிப்பணத்தை அணிகளுக்குக் கொடுத்ததாக, குடியரசுக் கட்சியின் செனட்டர்கள் இருவரே 2015இல் அறிக்கை வெளியிட்டார்கள். 2017இல் அலபாமா தேர்தல் கூட்டமொன்றில், மண்டியிடும் வீரர்களை வேலையை விட்டு நீக்கும்படி அதிபர் டிரம்ப் அணி உரிமையாளர்களைத் தூண்டினார்.

உரிமையாளரே அரசியல்வாதியாக இருந்த இடமும் உண்டு. பெண்கள் கூடைப்பந்து லீக்கின் அட்லாண்டா டிரீம் அணியின் இணை உரிமையாளர் கெல்லி லோஃப்லர், 2020இல் ஜார்ஜியாவின் செனட்டராகவும் இருந்தார். கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தை (பிளாக் லைவ்ஸ் மேட்டர்) லீக் ஆதரிப்பதைக் கண்டித்து அவர் கடிதம் எழுதினார். பெரும்பாலும் கறுப்பினப் பெண்களான வீராங்கனைகள், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரஃபேல் வார்னாக்குடன் காணொளியில் பேசி, அவருடைய நிலைப்பாடுகளைக் கேட்டறிந்த பிறகு, வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று அச்சிட்ட சட்டைகளை அணிந்து ஆட்டத்துக்கு வந்தார்கள். 2021 ஜனவரியில் வார்னாக் வென்று, ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டரானார். அடுத்த மாதமே அணி கைமாறியது; புதிய உரிமையாளர்களில் ஒருவர் அந்த அணியிலேயே ஆடிய ரெனே மாண்ட்கோமரி.  ஆனால் ஆண்களின் தேசியக் கால்பந்து லீக்கில் உள்ள 32 அணிகளில் எதிலும் பெரும்பான்மைப் பங்கு ஒரு கறுப்பினத்தவர் கையில் இருந்ததில்லை.