பழைய ரேஸ் காருக்கு லேசான டிரைவ்ஷாஃப்ட்

கேள்வி: என்னோடது பழைய ரேஸ் கார், எஞ்சின் முன்னாடி, டிரைவ் பின்னாடி. எஞ்சின் சுத்தறதைப் பின் வீலுக்குக் கொண்டுபோற டிரைவ்ஷாஃப்ட், நடுவுல பேரிங் வெச்ச ரெண்டு பீஸ் ஸ்டீல் குழாய், ரொம்ப கனம். அதை எடுத்துட்டு லேசா ஒரே பீஸ் போடலாமா? அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

பதில்: முதல்ல உங்க கிளாஸ் ரூல் புக்கைப் பாருங்க, பழைய கார் ரேஸ்ல பல இடத்துல அந்தக் காலத்து மெட்டீரியல்தான் போடணும்னு இருக்கும், வாங்கினப்புறம் தெரிஞ்சா வயிறு எரியும்.

வெயிட் குறையறது நல்லதுதான், ஆனா ஷாஃப்ட் ஒல்லிக் குழாய்ங்கறதால அதுல கிடைக்கிற லாபம் ஃப்ளைவீலை (எஞ்சினோட சேர்ந்து சுத்தற கனமான சக்கரம்) லேசாக்கினா கிடைக்கிற அளவுக்கு வராது. இங்க பயப்பட வேண்டியது கிரிட்டிக்கல் ஸ்பீடுக்குத்தான். ஒரு அளவு ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) தாண்டினதும் குழாய் நடுவுல வளைஞ்சு ஸ்கிப்பிங் கயிறு மாதிரி சுத்த ஆரம்பிக்கும், அப்படியே விட்டா உடைஞ்சிடும். அதே சைஸ் குழாய் ரெண்டு மடங்கு நீளமானா அந்த லிமிட் கால்வாசிக்கு இறங்கிடும், அதனாலதான் உங்க கார்ல ரெண்டு பீஸாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. அலுமினியம் போட்டா தப்பிச்சிடலாம்னும் இல்ல, ஒரே சைஸ்ல ஸ்டீலுக்கும் அதுக்கும் லிமிட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், குழாயைப் பெருசாக்கினாத்தான் ஏறும், அதுக்கு டனல்ல (காரோட தரையில ஷாஃப்ட் போற பள்ளம்) இடம் வேணும்.

கார்பன் ஃபைபர் எடைக்கு ரொம்ப விறைப்பு, அதனால நீளமா ஒரே பீஸா செய்யலாம், நிஸ்ஸான் 350இசட், மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ரெண்டுலயும் கம்பெனியே போட்டுது. ஆனா அதுல ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வெட்டி சின்னதாக்கிடலாம்னு மட்டும் இறங்காதீங்க, கார்பன் குழாய வெல்ட் பண்ண முடியாது. ஸ்டீலோ அலுமினியமோன்னா வெட்டி, வெல்ட் வெச்சு, பேலன்ஸ் பண்ணிக்கலாம்.

நானா இருந்தா ரெண்டு பீஸாவே விட்டுட்டு, நடு பேரிங்கை மாத்திட்டு, குழாய் ரெண்டையும் அலுமினியத்துல செய்யச் சொல்வேன். அளவு எடுக்கறப்ப காரை ஜாக்கில தூக்காதீங்க, நாலு வீலும் தரையில வெயிட்டோட இருக்கணும், ஸ்லிப் யோக்கை (கியர்பாக்ஸுக்குள்ள சொருகி முன்னபின்ன நகர்ற முனை) முழுசா உள்ள தள்ளி அப்புறம் 20-25 மில்லிமீட்டர் வெளிய இழுத்து அந்த நிலையில அளங்க. செய்யறவர்கிட்ட எஞ்சின் ஆர்பிஎம் மட்டும் சொன்னா பத்தாது, டாப் கியர் ஓவர்டிரைவா இருந்தா ஷாஃப்ட் எஞ்சினை விட வேகமா சுத்தும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. முன் ஜாயின்ட் பக்கத்துல ஸ்டீல் சேஃப்டி லூப் (ஷாஃப்டைச் சுத்தி மாட்டற வளையம்) கண்டிப்பா போடுங்க, அந்த ஜாயின்ட் ஓட்டத்துல உடைஞ்சா ஷாஃப்ட் முனை கீழ விழுந்து தரையில குத்தும்.