பல் மருத்துவ நுழைவுத் தேர்வு: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

டாக்டர், இந்தியாவில் பி.டி.எஸ். (பல் மருத்துவ இளநிலைப் படிப்பு) முடித்துவிட்டு, மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். தேர்வு எழுதப்போகிறேன். நாக்கின் நரம்புகளை எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறது. – தோட்டத்து மாணவி

பட்டியலாகப் படித்தால் குழம்பத்தான் செய்யும், தங்கச்சி. நாக்கு எப்படி உருவானது என்று பாருங்கள். முன்பக்க மூன்றில் இரண்டு பங்கு, கருவின் முதல் தொண்டை வளைவிலிருந்து (கழுத்துப் பக்கத்தில் வரிசையாக எழும் மேடுகளில் முதலாவது) வந்தது. அந்த வளைவின் நரம்பு, மூளை நரம்புகள் பன்னிரண்டில் ஐந்தாவது. அதனால் அங்கே சூடும் வலியும் அதன் கிளையான லிங்குவல் வழியாகப் போகின்றன. பின்பங்கு மூன்றாவது வளைவின் வேலை, நரம்பு ஒன்பதாவது. அங்கே உணர்வு, சுவை இரண்டும் அதற்கே. தசைகள் பிடரிப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தவை என்பதால் பன்னிரண்டாவது. பாலட்டோகிளாசஸ் என்ற தசை மட்டும் அண்ணத்தின் கூட்டத்தைச் சேர்ந்தது, அதற்குப் பத்தாவது.

மிச்சம் இருப்பது முன்பங்கின் சுவை. ஏழாவது நரம்பின் கார்டா டிம்பனி என்ற கிளை பாதி வழியில் லிங்குவலோடு சேர்ந்துகொள்கிறது. கீழ்க் கடைவாயின் ஞானப்பல்லை எடுத்த பிறகு ஒருவர் வந்து, "ஒரு பக்கம் தே தாரிக் சூடும் தெரியல, இனிப்பும் தெரியல டாக்டர்" என்கிறார் என்று வையுங்கள். அடிபட்டது லிங்குவல், அதுவும் கார்டா டிம்பனி சேர்ந்த இடத்துக்குப் பிறகு. கேள்வி பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். வெறும் பெயர் கேட்கும் காலம் போய்விட்டது.

பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு pH 5.5, ஃபுளோரைடுக்கு வேறு எண், தண்ணீருக்கு இன்னொரு எண். எதை நம்புவது?

மூன்றும் வேறு வேறு விஷயங்கள். வாயின் pH (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு ஏறிய எனாமல் 4.5 வரை தாங்கும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அதற்கு நேர்மாறு, 6-க்கு மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். ஈறு இறங்கிய பெரியவர்களுக்கு எனாமல் மூடாத வேரில் சொத்தை சீக்கிரம் பிடிப்பது இதனால்தான். இனிப்பு பட்ட சில நிமிடங்களில் pH விழுந்து, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இந்த இறக்க ஏற்றத்தின் வரைபடம்தான் ஸ்டீஃபன் வளைவு. கெட்டிப்பால் தேநீரை ஒரே மூச்சில் குடிப்பவரைவிட, காலையிலிருந்து போத்தலில் வைத்து உறிஞ்சுபவருக்கே பல் போகும்.

தண்ணீர்: மலேசியக் குழாய்நீரில் ஃபுளோரைடின் இலக்கு 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமெரிக்கப் பரிந்துரை 0.7. பழைய பாடநூல்களில் 0.7 முதல் 1.2 வரை என்று இருக்கும். கேள்வி எந்த நாட்டைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

கடைவாய்ப்பல் ஒன்றை எங்கள் கிளினிக்கில் 36 என்கிறோம், கேள்வித்தாளில் 19 என்று வருகிறதே?

ஒரே பல்தான்: கீழ் இடது முதல் கடைவாய்ப்பல். 36 உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எஃப்.டி.ஐ. முறை, 19 அமெரிக்க முறை. அமெரிக்க எண்ணிக்கை மேல் வலது ஞானப்பல்லில் 1 என்று தொடங்கி, மேலே சுற்றிக் கீழே வந்து, கீழ் வலதில் 32-இல் முடியும். தாளின் ஓரத்தில் ஒருமுறை வரைந்துகொண்டால் போதும்.

மகன் விடியற்காலை வரை படிக்கிறான், பக்கத்தில் எப்போதும் மைலோ. சரியா ஐயா? – ஓர் அம்மா

தூக்கம் இல்லாமல் படித்தது நிற்காது, அம்மா. பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். மைலோ குடித்தால் படுக்கும் முன் பல் தேய்க்கச் சொல்லுங்கள். பல் டாக்டராகப் போகிற பிள்ளையாச்சே!

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் போடலாமா?

நீட் எம்.டி.எஸ். தேர்வில் 240 கேள்விகள், 3 மணி நேரம். சரியானால் 4, தவறானால் 1 கழிவு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சும். அதை நம்பி இறங்க வேண்டாம். இரண்டு விடைகளைத் தவறென்று தள்ளிவிட்டீர்களா? அப்போது சராசரி ஒன்றரை மதிப்பெண். தயங்காமல் போடுங்கள் தம்பி. பயந்துபோய் வெற்றாக விட்டு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.