அந்த மேற்பார்வையாளருக்குச் சோகக்கதை வேண்டாம்

உங்கள் நாவலில் பெண்கள் முகாமை நடத்தும் மேற்பார்வையாளர் வெறும் கொடுமைக்காரியாகவே நிற்கிறார், சோகமான சிறுவயதுக் கதை ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது பழைய சினிமா வைத்தியம்.

இந்த வேலையால் அவருக்கு என்ன கிடைக்கிறது, அது எவ்வளவு சுலபமாகப் பறிபோகும் என்று யோசியுங்கள். மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலில் வரும் சர்வாதிகார ஆட்சியில் பெண்களுக்கு வாசிக்கவே தடை. அவர்களைப் பழக்கும் 'ஆன்ட்' என்ற மேற்பார்வைப் பெண்களுக்கு மட்டும் வாசிக்க அனுமதி உண்டு. கையில் மாடு விரட்டும் மின்கோல் இருக்கும், துப்பாக்கி தரமாட்டார்கள். ஆட்சி அவர்களையும் நம்பவில்லை என்பது அந்த ஒரு விவரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதன் தொடர்ச்சியாக 2019-இல் வந்த 'தி டெஸ்டமென்ட்ஸ்' இன்னும் உதவும். அதில் லிடியா என்ற ஆன்ட் முன்னாள் நீதிபதி. விளையாட்டரங்கில் அடைத்து, தனிச்சிறையில் போட்டு உடைத்த பிறகுதான் பதவி.

உங்கள் ஆளுக்கும் ஒரு சாவியோ தனி அறையோ கொடுங்கள். ஆண் அதிகாரி உள்ளே வந்ததும் அவர் குரல் எப்படித் தணிகிறது என்று காட்டுங்கள். அப்புறம், தான் நல்லதே செய்வதாக அவர் நம்பட்டும்: "வெளியே இருந்தா இதைவிட மோசம், கண்ணு" என்றபடியே அந்தப் பெண்ணின் தலையை மழிக்கட்டும். அடிக்கும் காட்சிகளில் பாதியை வெட்டிவிடலாம்.