வாய் கோணிவிட்டது: கரண்ட் வைத்தியத்துக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் நிற்காமல் ஒழுகியது. பார்த்தால் வாய் இடது பக்கம் இழுத்திருக்கிறது, வலது கண் மூடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் காற்று பட்டுவிட்டது என்கிறார்கள். தெரிந்தவர் சொன்ன ஒரு மையத்தில் 21 நாள் கரண்ட் வைக்க முன்பணம் கேட்கிறார்கள், மூளை ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். முகம் கோணியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிவிட வேண்டும். அதில் ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

கிளம்பும் முன் ஒன்று பாருங்கள். இரண்டு புருவத்தையும் உயர்த்தச் சொல்லுங்கள். வலது நெற்றியில் சுருக்கமே விழவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் பெரும்பாலும் இது பெல்ஸ் பால்சி என்கிற முகவாதம். நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் மூளையில் கோளாறு இருக்கலாம். அப்படி இருந்தாலும், கை கால் தளர்வு, சொல் கிடைக்காமல் திணறுவது, நடை தள்ளாடுவது இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ‘ப’, ‘ம’ சொல்லும்போது உதட்டில் காற்று கசிவது மட்டும் முகவாதத்திலும் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குப் பின்னால் ஒரு குறுகிய எலும்புக் குழாய் வழியாக வருகிறது. உடலில் ஏற்கெனவே தூங்கிக் கிடந்த வைரஸ் கிளம்புவதால் நரம்பு வீங்குகிறது என்று கருதப்படுகிறது. விரிய இடமில்லாமல் அது அங்கேயே நசுங்குகிறது. ஸ்டீராய்டு வேலை செய்வது அந்த வீக்கத்தின் மேல்தான். ஜன்னல் காற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வழக்கமான அளவு பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு தினம் 50 மி.கி., 10 நாள். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் இந்த அளவு சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள். சாப்பிடாதவர்களில் 82 சதவீதம். மாத்திரை விலை மலிவு. கமிஷன் கிடைக்காத மாத்திரை என்பதால் இதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசவில்லை.

அந்த 82-ஐ இன்னொரு முறை பாருங்கள். எதுவும் செய்யாமலே பெரும்பாலோர் தேறும் நோய் இது. ஆகவே கரண்ட் வைத்தவர், எண்ணெய் தடவியவர், மந்திரித்தவர் எல்லோரிடமும் குணமானவர்கள் பட்டியல் இருக்கும். கரண்ட் வைப்பதால் நரம்பு சீக்கிரம் தேறும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ‘நரம்பு ஊசி’ என்று தினம் போடும் வைட்டமின் ஊசியும் ஸ்டீராய்டுக்கு மாற்று ஆகாது. திடீரென வந்து, நெற்றியும் சேர்ந்து தளர்ந்து, வேறு குறி இல்லாத முகவாதத்துக்கு ஸ்கேன் தேவையில்லை. ரிப்போர்ட் வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய கொடுமை. காது டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்புவார், அவர் கண் பிரிவுக்கு அனுப்புவார். சீட்டு எழுதி எழுதியே 72 மணி நேரம் ஓடிவிடும். முதலில் பார்க்கும் பொது டாக்டரே தொடங்கக்கூடிய சிகிச்சை இது. அவரிடம் நேராகவே கேளுங்கள்.

சுகர் இருக்கிறது என்று சிலர் பயந்து 10 மி.கி. கொடுத்து ஐந்து நாளில் நிறுத்துவார்கள். அது போதாது. முழு அளவைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து, சுகர் மருந்தை டாக்டர் சொல்படி அந்த 10 நாளுக்குக் கூட்டிக்கொள்வதே முறை. காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு மதியமும் மாலையும்தான் சுகரை ஏற்றும். வெறும் வயிற்றில் பார்த்து ‘நார்மல்’ என்று ஏமாறாதீர்கள். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 300-ஐத் தாண்டினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது.

காதை டார்ச் அடித்துப் பாருங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். காது மடலில், காதுத் துளையின் வாயில், பின்புறம், வாய்க்குள் மேலண்ணத்தில் சிறு கொப்புளங்கள் இருந்தால் இது சின்னம்மை வைரஸ் மறுபடி கிளம்பியது. காதில் கடும் வலி, தலைசுற்றல், காது மந்தம் கூட வரும். இதற்கு ஸ்டீராய்டு மட்டும் போதாது. வைரஸ் மருந்தும் சேர வேண்டும், பெரும்பாலும் வாலாசைக்ளோவிர் 1 கிராம் தினம் மூன்று வேளை, ஏழு நாள். கொப்புளம் முகம் கோணிய பிறகு சில நாள் கழித்தும் தலைகாட்டலாம். இன்று இல்லையென்றாலும் ஒரு வாரம் தினமும் பாருங்கள். வந்தால் போன டாக்டரிடமே உடனே திரும்பப் போங்கள். இந்த வகை தேறுவது தாமதமாகும், முழுதாகத் தேறாமலும் போகலாம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முகம் தேறிவிடும், காய்ந்து புண்ணான கருவிழி தேறாமல் போகலாம். பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வெளியே போகும்போது கண்ணாடி. இரவில் கண் களிம்பு வைத்து, மேலிமையை விரலால் கீழே இறக்கி மூடி, அதன் மேல் மைக்ரோபோர் என்கிற காகித டேப் ஒட்டுங்கள். பஞ்சை மட்டும் வைத்துக் கட்டினால் உள்ளே இமை திறந்து பஞ்சு கருவிழியை உரசும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கண் சிவந்தோ, வலித்தோ, வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

பலூன் ஊதுவது, நாள் முழுக்க சூயிங்கம் மெல்லுவது வேண்டாம். வலிந்து செய்யும் பயிற்சியால் நரம்பு தாறுமாறாக இணைந்து, சிரித்தால் கண் மூடுகிற நிலை வரலாம். அசைவு திரும்பத் தொடங்கியதும் கண்ணாடி முன் மெதுவாக, சில நிமிடம் செய்தால் போதும்.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் சிறு அசைவு தெரியும். மூன்று மாதம் ஆகியும் முழுதாகத் தேறாவிட்டாலோ, தளர்வு வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினாலோ, காதுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டாலோ அப்போது ஸ்கேன் எடுங்கள், நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.